உட்காரச் சொல்ல மறந்த வகுப்பு

பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாள், கடைசிப் பாடவேளையில் கணக்கு டீச்சர் எழுந்து நிற்கச் சொன்ன மாணவன் இருபத்தைந்து ஆண்டுகள் உட்காரவில்லை. பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். பிடிவாதம் பிடிக்கிற அளவுக்கு அவனுக்கு எப்போதும் வசதி இருந்ததில்லை. மணி அடித்தது, வகுப்பு மொத்தமும் வாசலில் முட்டிக்கொண்டு ஓடியது, டீச்சர் மறுநாளே மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார், நிற்பவனை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நடந்தது அவ்வளவுதான். அன்று மாலை வீட்டில் நாற்காலியில் உட்காரப் போனான். நாற்காலி ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டது. துரத்திப் பார்த்தான். சுவரில் முட்டிய பிறகு அது பக்கவாட்டில் நகர்ந்தது. "சரி, தரை எங்கடா போயிரும்?" என்றார் அப்பா. தரை கீழே போனது. அவன் எவ்வளவு தாழ்ந்தானோ அவ்வளவு தாழ்ந்து, கூடத்தின் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்து, காலி செய்யும்போது இதை மூடிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை. வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அதெல்லாம் தேவையில்லாத விவரம்.

படுப்பதற்குத் தடை இருக்கவில்லை. படுக்காதே என்று எந்தப் பள்ளியிலும் யாரையும் தண்டித்ததில்லை. காலைக்கடனுக்கு என்ன செய்தான் என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு விலக்கு இருந்தது. பள்ளியில் போலவே விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனால் அனுமதி கிடைத்தது. வேலை தேடிப் போன இடங்களில் உட்காரச் சொன்னார்கள், "இருக்கட்டும் சார்" என்று நின்றான். மூன்று இடங்களில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான்காவது இடத்தில் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். அது பேருந்துக் கழகம். அப்படித்தான் அவன் கண்டக்டர் ஆனான். பத்தாம் ஆண்டில், பணிநேரத்தில் ஒருமுறைகூட உட்காராத ஊழியர் என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். கொடுத்த அதிகாரி உட்கார்ந்த நிலையிலேயே, உழைப்பின் மேன்மை பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

கல்யாணமும் அதே வழியில் முடிந்தது. தபால் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து முத்திரை குத்துகிற பெண் ஒருத்தி அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள். அவள் அதே வகுப்பு. அவனுக்கு நேர் பின் பெஞ்சு. பேசப் போன இடத்தில் அவன் இரண்டு மணி நேரம் நின்றதைப் பார்த்து, பெரியவங்க முன்னாடி உட்காராத பையன் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பான் என்று மாமனார் நெகிழ்ந்துபோனார். மாப்பிள்ளை வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒவ்வொரு காலுக்கும் ஆறு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் வந்த நாளிலிருந்து அவளும் நின்றபடியே சாப்பிட்டாள். அவன் அதைப் பிரியம் என்று நினைத்தான். பிரியமும் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவள் இருபது வருடமாகச் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வகுப்பின் சட்டத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். டீச்சர் வெளியே போனால் லீடர் மேடை ஏறுவார். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுவார். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுபடி பேசினால் இன்னொன்று. பெயரை அழிக்கும் உரிமை லீடருக்கு மட்டுமே. டீச்சரே வகுத்த சட்டம் அது, டீச்சர்கூடக் கைவைக்க மாட்டார். கடைசி நாளன்று டீச்சர் மாற்றல் காகிதத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனார். லீடர் மேடை ஏறி, யாரும் கேட்காமலே பிரியாவிடை உரை ஆற்றத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆனது. எங்கிருந்தோ ஒரு குரல் ஏதோ சொல்ல, வகுப்பே குலுங்கிச் சிரித்தது. லீடர் குரல் வந்த திசையை உத்தேசமாகப் பார்த்து ஒரு பெயரை எழுதினார். டீச்சர் திரும்பி வந்தார், பலகையைப் பார்த்தார், "எழுந்து நில்லு" என்றார்.

பெயர் அழியவே இல்லை. தண்ணீர் விட்டுத் துடைத்தார்கள், கருப்பு வண்ணம் பூசினார்கள், கடைசியில் பலகையையே கழற்றிவிட்டுப் பச்சைப் பலகை மாட்டினார்கள். மறுநாள் காலை பச்சைப் பலகையின் அதே ஓரத்தில் அதே கையெழுத்தில் பெயர் இருந்தது. பிறகு வந்த பிள்ளைகள் அதைச் சுற்றிக் கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டார்கள். ஒருமுறை வந்த ஆய்வாளர், அது ஏதோ தேற்றத்தைக் கண்டுபிடித்தவரின் பெயர் என்று நினைத்து, இவரைப் பற்றி இரண்டு வரி சொல் என்று ஒரு மாணவியைக் கேட்டார். "நிக்கிறாரு சார்" என்றாள் அவள். ஆய்வாளர் நன்று என்று குறித்துக்கொண்டார்.

இருபத்தைந்தாம் ஆண்டில் கண்டக்டரின் கால் நரம்புகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு வெளியே தெரிந்தன. மருத்துவர் பார்த்துவிட்டு, "இனிமே நின்னீங்கன்னா காலு நிக்காது. தினம் ஆறு மணி நேரமாவது உக்காருங்க" என்றார். கண்டக்டர் தலையாட்டினான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டைத் தொடவில்லை. மறுநாள் தபால் அலுவலகத்திலிருந்து கணக்கு டீச்சரின் முகவரியைத் தேடிப் பிடித்தாள். தபால் அலுவலகத்தால் முடியாதது ஒன்றுமில்லை, மனசு வைத்தால். வகுப்பு ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி லீடருக்கும் ஒரு அட்டை எழுதிப் போட்டாள். தலைமை உரை உங்களுடையது என்று ஒரு வரி சேர்த்தாள். மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது.

லீடர் இப்போது ஏழு சங்கங்களுக்குத் தலைவர். அதில் இரண்டுக்கு அவர் ஒருவர்தான் உறுப்பினரும். பழைய வகுப்பறையில், பழைய பெஞ்சுகளில், வயிறு மேசையில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் மட்டும் ஜன்னலோரம் தன் பழைய பெஞ்சின் முன்னால் நின்றான். டீச்சர் முதல் பெஞ்சில் கைத்தடியோடு இருந்தார், எண்பதை நெருங்கியிருந்தார். ஒவ்வொருவராக எழுந்து பள்ளி நாட்களை நினைவுகூர்ந்தார்கள். மொத்த வகுப்பும் அந்தக் காலத்தில் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது என்று அன்று தெரியவந்தது. அதில் ஐந்து பேருக்கு மேல் இடமில்லை. யாரும் காப்பியடித்ததில்லை, எல்லோருமே யாருக்கோ விடைத்தாளைக் காட்டியிருந்தார்கள். பிறகு லீடர் எழுந்தார். இந்த வகுப்பின் ஒழுக்கம் தன் தோள்களில் இருந்ததை விவரித்தார். ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன் என்று பதினோராவது முறை அவர் சொன்னபோது டீச்சரின் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று.

"யாருப்பா அது? ஏன் நிக்கிற? உக்காரேன்."

"நீங்கதான் டீச்சர் நிக்கச் சொன்னீங்க."

"எப்ப?"

"கடைசி நாள். கடைசி பீரியடு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அடப்பாவி, அப்பலேர்ந்தா? உக்காருப்பா, உக்காரு!" கண்டக்டர் குனிந்தான். பெஞ்சு, அதன்மேல் இருந்த இரண்டு பேரோடும் சேர்ந்து, ஓர் அடி பின்னால் போயிற்று. டீச்சர் திரும்பிப் பலகையின் ஓரத்தைப் பார்த்தார். தன் சட்டம் தனக்கே நினைவுக்கு வந்தது. "லீடர், அந்தப் பேரை அழிச்சுவிடுப்பா."

லீடருக்கு முகம் இறுகியது. ஏழு சங்கத்திலும் அவர் எழுதியதை யாரும் அழித்ததில்லை. "டீச்சர், என் லிஸ்ட்ல இதுவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல. இவன் பேசலன்னா, வேற யாரு பேசினதுன்னு சொல்லட்டும். அழிக்கிறேன்."

நாற்பத்துமூன்று வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அன்று போலவே மேசையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் வழக்கறிஞர், இன்னொருவர் தீயணைப்பு நிலைய அதிகாரி. எரிகிற வீட்டுக்குள் போகிறவர்கூடப் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின் பெஞ்சில் கண்டக்டரின் மனைவி எழுந்தாள்.

"நான்தான் பேசினேன்."

"நீ சும்மா இரு, உக்காரு" என்றான் கண்டக்டர் திரும்பாமலே.

அவள் அவன் முதுகைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமாடா இத்தன வருஷம் சொல்லாம இருந்த?"

"பேரு எழுதினப்புறம் பேசினா பெருக்கல் போடுவான்ல."

தீயணைப்பு அதிகாரிதான் முதலில் சிரித்தார். லீடர் மட்டும் சிரிக்கவில்லை. சொன்ன சொல் ஊரறிய நின்றுவிட்டதால் அழிப்பானை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். வண்ணத்துக்கும் தண்ணீருக்கும் அசையாத பெயர், நேற்று எழுதியதுபோலப் பொடியாக உதிர்ந்தது. உடனே அவர் சாக்பீஸை எடுத்து அவள் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கினார். பின் பெஞ்சு கிறீச்சிட்டு அவளிடமிருந்து ஓர் அங்குலம் விலகியது. கண்டக்டர் பாய்ந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டான், ஓடும் பேருந்தை நிறுத்துவதுபோல.

"இருப்பா," என்றார் டீச்சர். "ஏம்மா, அன்னிக்கு என்னதான் சொன்ன?"

அவள் தயங்கினாள். "'எங்க பேரெல்லாம் இவன் எழுதறான். இவன் அரை மணி நேரமாப் பேசறானே, இவன் பேரை யாரு எழுதறது?'ன்னு கேட்டேன் டீச்சர்."

டீச்சர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மேடை ஏற நேரமானது, யாரும் அவசரப்படுத்தவில்லை. லீடரின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, அரைகுறையாக நின்ற எழுத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். பெயராக முடியாததை அழிக்க எந்தச் சட்டமும் குறுக்கே வராது. "நல்ல கேள்விதானே. கணக்கு சொல்லிக் குடுத்த எனக்கே தோணாமப் போச்சு" என்று சொல்லி, அதே ஓரத்தில் லீடர் என்று எழுதினார். அவருடைய சொந்தப் பெயர் டீச்சருக்கு மறந்துவிட்டிருந்தது. "இப்ப உக்காருப்பா."

கண்டக்டர் உட்கார்ந்தான். பெஞ்சு நகரவில்லை. முழங்கால்கள் மடிந்த சத்தம் வராந்தா வரை கேட்டது. அவன் இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் இடித்தாள். அவள் வாயிலிருந்து ஒரு மூச்சு வந்தது. இருபத்தைந்து வருடம் உள்ளே இருந்த மூச்சு, ஜன்னல் கதவை ஒருமுறை சாத்தித் திறந்தது. எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போனார்கள். அவர்கள் இருவர் மட்டும் போகவில்லை. காபியை அங்கேயே கொண்டுவரச் சொன்னார்கள்.

லீடர் பேச்சைத் தொடர்ந்து முடித்துவிட்டு அமரப் போனபோது நாற்காலி ஓர் அடி பின்னால் நகர்ந்தது. அன்றிலிருந்து அவர் உட்காரவில்லை. மேடையிலிருப்பவர் அமராதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாததால், அவருடைய சங்கங்களுக்கு இது இன்னும் தெரியாது. பெயரை அழிக்கும் உரிமை அவருக்கே இருக்கிறது, அழிப்பானும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அழித்தால் பேசியதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கண்டக்டர் வீட்டு மேசையிலிருந்து இருபத்துநான்கு செங்கற்களை எடுத்துப் பின்கட்டில் அடுக்கினார்கள். இரண்டாவது வாரம், கண்டக்டர் உட்கார்ந்துகொண்டே டிக்கெட் கொடுக்கிறார் என்று பயணிகள் பதினேழு பேர் புகார் எழுதினார்கள். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. "உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினான். அதிகாரி உட்கார்ந்தபடி படித்து, சரிதான் என்று கையெழுத்திட்டு, பழைய சான்றிதழின் நகலோடு சேர்த்துக் கோப்பில் கட்டிவிட்டார். அதே கோப்பில் இன்னொரு தாளும் இருக்கிறது: மறுநாள் காலை ஏழே கால் பேருந்து நான்கு நிமிடம் தாமதம், காரணம், கண்டக்டர் தன் இருக்கையில் விசிலை வாயில் வைத்தபடி தூங்கிவிட்டார், எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.