கை இறக்காத அண்ணன்

எங்கள் தெருவில் எதை முடிவு செய்தாலும் கை தூக்கித்தான். மூன்று பேர் போட்டியிட்டால், குறைவான கை கிடைத்தவர் உட்கார்ந்துவிடுவார். அவருடைய ஆட்கள் மிச்சமிருக்கும் இருவரில் ஒருவருக்கு மறுபடி கை தூக்குவார்கள். பாதிக்கு மேல் கை சேராமல் எவரும் ஜெயித்ததில்லை. சர்க்கார் தேர்தலில் அப்படி மறுபடி தூக்குவது கிடையாது என்பது எனக்கு எண்பத்தாறில்தான் உறைத்தது.

அந்த வருடம் ஆரணி நகரசபைக்குத் தேர்தல். எங்கள் வார்டில் அரிசி மில் அருணகிரி நின்றான். வீட்டுக்கு வீடு இலவசச் சேலை என்றது அவன் கட்சி. பட்டு நெய்கிறவர்களுக்கு நைலக்ஸ் சேலை! கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதைதான். சிரித்தோம். ஆனால் ஜெயித்தால் எங்கள் தெருவோரம் கடை வரிசை கட்டுவேன் என்றும் சொன்னான். விடிந்ததும் தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து நாங்கள் இழை சரிசெய்கிற இடம் அது. அது போனால் தறிக்குப் பாவு ஏது?

அவனை எதிர்த்து என் வீட்டுக்காரர் வேணுகோபாலும் என் அண்ணன் எல்லப்பனும் மனு போட்டார்கள். தெருக்கூட்டத்தில் அண்ணனுக்குக் கை குறைவு. வாபஸ் வாங்குகிறேன் என்றவன், அதற்கான கடைசி நாளில் தேசூரில் துக்கம் என்று போய்விட்டான். திரும்பியதும் கேட்டேன்.

"இன்னாண்ணா, ஓட்டுச் சீட்டுல உன் பேரும் அச்சாயிடுமே?"

"அச்சானா இன்னாம்மா? நம்ப தெருவுல கடைசி நிமிஷத்துலகூட கை இறக்கறதில்லையா? எம் பசங்கள மச்சானுக்கே போடச் சொல்லிடறேன். நீ பேஜாராவாத."

நம்பினேன். எங்கள் பாவின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை அவன்தான் பிடிப்பான். ஒருநாளும் நழுவவிட்டதில்லை.

ஓட்டு எண்ணினார்கள். மூவரில் அருணகிரிக்குத்தான் அதிகம். என் வீட்டுக்காரருக்கும் அண்ணனுக்கும் விழுந்ததைக் கூட்டினால் அவனுடையதைப் போல ஒன்றரை மடங்கு வந்தது. வார்டில் பாதிப் பேருக்கு மேல் வேண்டாமென்ற ஆள் மாலை போட்டுக்கொண்டு போனான்.

"சார், கொறச்சலா வாங்கினவரு ஓட்டை எங்க வீட்டுக்காரருக்குச் சேக்க மாட்டீங்களா?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"அப்படிச் சட்டம் இல்லம்மா. மத்தவங்கள விட ஒரு ஓட்டு கூட இருந்தாப் போதும்."

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். அவன் முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை. தேசூரில் யாரும் சாகவில்லை, அன்று முழுக்க அவன் அருணகிரியின் மில்லில்தான் இருந்தான் என்று பிறகு ஊரே சொன்னது.

கடை வரிசை எழும்பியது. முதல் கடை எல்லப்பனுக்கு. திறப்பு விழாவன்று மிட்டாய்ப் பொட்டலத்தோடு என் வாசலுக்கு வந்தான்.

"கோவமாம்மா? பாவு இழுக்கறப்போ ஆள் அனுப்பு. எப்பவும்போல அந்தாண்ட நின்னுகினு புடிக்கறேன்."

"எங்க இழுக்கறதுண்ணா? உன் கடைக்குள்ளயா?"

பொட்டலத்தை அவன் கையிலேயே திணித்துக் கதவைச் சாத்தினேன்.