ததேயுஸ் மொதலாளிக்குச் சொன்ன உண்மை

வேலை போனதற்காக ஜினிஷா அழவில்லை. வேலையை அவளேதான் விட்டெறிந்துவிட்டு வந்தாள். அழுதது ஆத்திரத்தில்.

வடசேரியில் ததேயுஸின் கருவாட்டுக் கடைக்குக் கட்டிய புதுக் கட்டடத்தை ஜெபித்து மந்திரித்த அன்று நடந்தது அது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் ததேயுஸ் தன் அக்காள் மகன் அஜினை முன்னால் இழுத்து நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்.

"எனக்க மருமவன் பெங்களூர்ல இருந்துகிட்டே ஆயிரக்கணக்குல லிங்க் போட்டாக்கும் நம்ம கடைய கூகுள்ல மொத எடத்துக்குக் கொண்டு வந்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அஜின் கூச்சமே இல்லாமல் கும்பிட்டான். பிறகு ததேயுஸ் திரும்பி, "ஏட்டி ஜினிஷா, எல்லாருக்கும் சாயா கிட்டிச்சா?" என்று கேட்டார்.

அந்த லிங்குகள் அத்தனையும் அவள் போட்டவை. இரண்டு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. எவனோ பிரேசில்காரனின் ஹோட்டல் பட்டியல், ஈ காக்கை எட்டிப் பார்க்காத அரட்டைப் பக்கம் என்று கண்ட கண்ட தளங்களில் எல்லாம் கடையின் இணைய முகவரியைப் பதித்து வைக்க வேண்டும். நிறையப் பேர் கைகாட்டும் கடையை கூகுள் மதிக்கும் என்பது ததேயுஸின் நம்பிக்கை. கைகாட்டுகிறவன் யார் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. சாயங்காலமானால் "இண்ணைக்கு எத்தன?" என்று வந்து நிற்பார்.

மிச்ச நேரத்தில் அவள் தன் ஆசைக்குக் கடையின் தளத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். கருவாட்டை மண் போகக் கழுவுவது, உப்பை இறக்குவது, பக்கத்து வீட்டுக்காரன் புகார் கொடுக்காதபடி பிளாட்டில் பொரிப்பது எல்லாம் அதில் இருந்தது. படித்தவர்கள் கேட்ட சந்தேகங்களுக்குத் தன் பெயரிலேயே பதிலும் எழுதினாள். மந்திரிப்புக்கு மறுநாள் பார்த்தால், கட்டுரைக்கு அடியிலும் அஜின் பெயர் இருந்தது. அன்றைக்கே சாவியை மேசையில் வீசிவிட்டு, சொந்த ஊரான இனயத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வருவதற்குள் அந்த ஆளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று கறுவினாள். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் இறைச்சியை விட்டு மீனுக்கும் கருவாட்டுக்கும் மாறும் காலம் அது. கூகுளில் தேடி வந்து அவர்கள் வாங்குவதுதான் ததேயுஸின் வருடத்து வியாபாரத்தில் பாதி.

தெரிந்த ஆயுதத்தைத்தான் முதலில் எடுத்தாள். கூகுள் பார்த்து முகம் சுளிக்கட்டும் என்று சூதாட்டத் தளங்களிலும் அதைவிட அசிங்கமான இடங்களிலும் ததேயுஸின் முகவரியை மூட்டை மூட்டையாகக் கொட்டினாள். தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே 'நெத்திலி கருவாடு' என்று தட்டிப் பார்ப்பாள். ததேயுஸ் அசையாமல் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

நாகர்கோவிலில் இணையதள வேலை செய்யும் தோழி லிஜாவிடம் போய்ப் புலம்பினாள். லிஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏட்டி, உனக்கு மண்டைக்கு வட்டா? பண்டு ஒரு காலத்துல அது பலிச்சிருக்கும். இப்ப அந்தக் குப்பைய எல்லாம் கூகுள் கண்டுக்கிடவே செய்யாது. அதப் பாத்துத் தூக்கவும் செய்யாது, அனேகமா தாழ்த்தவும் செய்யாது."

"அப்ப நான் ரெண்டு வருசம் போட்டது?"

"ஒண்ணுக்கும் உதவல மக்கா."

ஜினிஷா நாற்காலியை லிஜாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அஜின் திருடிக்கொண்டு போனது வெறும் குப்பையா? அப்படியென்றால் கடை எப்படி மேலே வந்தது? லிஜா கணினியைத் திருப்பிக் காட்டினாள். குவைத்தில் இருக்கும் ஊர்க்காரர் சங்கம், ஒரு சமையல் தளம், உணவு பற்றி எழுதும் ஒரு டாக்டரம்மா. கடைக்கு இணைப்புக் கொடுத்திருந்த உருப்படியான இடங்கள் இவ்வளவுதான். எல்லாமே கைகாட்டியது அவள் எழுதிய அந்தக் கட்டுரையை.

அழுகை நின்றுவிட்டது. சொந்தமாக ஒரு தளம் தொடங்கி, கட்டுரையைப் புதிதாக, முன்னைவிட விரிவாக எழுதினாள். பிறகு அந்த மூன்று பேருக்கும் எழுதினாள். அவர்களுக்கு ததேயுஸைத் தெரியாது, அஜினையும் தெரியாது. சந்தேகம் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லும் ஜினிஷாவைத்தான் தெரியும். மறுபேச்சில்லாமல் இணைப்பை அவள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

தபசு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே ததேயுஸ் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? ஜினிஷாவுக்குத் தொண்டைக்குள் சர்க்கரை கரைந்தது போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம், ததேயுஸின் கார் இனயத்தில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. கூடவே அஜினும் இறங்கினான்.

"மக்களே, பழசெல்லாம் விட்டிரு" என்றார் ததேயுஸ். "நீ திரும்பி வா. பழையபடி லிங்க் போடு. பேரு வேணுமின்னா பேரும் தாறேன்."

பொய் சொல்லி அவரை இன்னும் ஆழத்தில் தள்ளியிருக்கலாம். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"அது ஒண்ணுக்கும் உதவாது மொதலாளி. ரெண்டு வருசம் போட்டது நான், சொல்லதும் நான். போட்ட காசும் நேரமும் வெறும் பாழு. நல்லதா எழுதுங்க, தானா ஏறும்."

ததேயுஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை ஒழிக்கதுக்கு ஒவ்வொண்ணா சொல்லுதா பாத்தியா?" என்று மருமகன் பக்கம் திரும்பினார். "லேய் அஜின், இவ சொல்லது உள்ளதா லே?"

அஜினுக்கு உண்மை தெரியும். பெங்களூரில் அதே துறையில்தான் வேலை. ஜினிஷா அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிங்க் உதவாது என்று சொன்னால், லிங்க் போட்டே கடையைத் தூக்கியவன் என்று ஊர் கூடிக் கைதட்டியது என்னவாகும்?

"பொய்யாக்கும் மாமா" என்றான். "லிங்க் போட்டாத்தான் ஏறும்."

"அப்படிச் சொல்லு!" ததேயுஸ் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "இனி ஒருத்தி காலையும் பிடிக்காண்டாம். பெங்களூருக்கு இப்ப போவாத. வீட்டுல இருந்து ஒரு லட்சம் லிங்க் போடு. தெவசமும் சாயங்காலம் நான் வந்து கேப்பேன்."

அஜின் தலையாட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே காரில் ஏறிக்கொண்டான்.