தகப்பன் கையெழுத்து

குடும்பச் சட்டத்தைத் திருத்தும் குழுவில் அட்டவணை போடுவது என் வேலை. பதினோரு நாடுகள், ஒரே கேள்வி: பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்றால் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு? ஒரு நாட்டில் தாய், தகப்பன் யார் போட்டாலும் போதும். இன்னொன்றில் இருவரும் முரண்பட்டால் நீதிபதி மூன்றே நாளில் முடிவு சொல்லிவிடுவார். நம் நாட்டுக் கட்டத்தில் இரண்டே சொல்: தகப்பன் மட்டும்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"வெளிநாட்டுக் கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நம்ம நாட்டுல இதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? திங்கட்கிழமைக்குள்ள ஒரு உதாரணம் கொண்டுவாங்க. இல்லேன்னா இந்தப் பகுதியையே எடுத்துடலாம்."

உதாரணத்துக்கு நான் ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. ஏழு வயதில் என் மகளுக்கு இடது காதில் சீழ். எலும்பை அரிக்கிறது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அப்போது அவள் அம்மா என்னைவிட்டுப் பிரிந்து போயிருந்தாள். படிவத்தோடு மூன்று முறை என் அலுவலகத்துக்கு வந்தாள். மூன்று முறையும் "யோசிச்சு சொல்றேன்" என்று திருப்பி அனுப்பினேன். யோசிக்க என்ன இருந்தது? ஒரு மண்ணும் இல்லை. அவள் இறங்கி வரட்டும் என்ற வீம்பு. எட்டு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் அந்தக் காது போய்விட்டது. சட்டம் படித்த மடையன் நான்.

அதைப் பெயரில்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை மகளின் கல்லூரி கேன்டீனுக்குப் போனேன். வழக்கம்போல் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். டீ ஆறிப்போனது.

"'ஒரு தகப்பன்'னு போட்டிருக்கீங்க. அது நீங்கதான்னு குழுவுல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதையும் எழுதுங்க."

"எழுதுறேன். வேலை போனாலும் போகட்டும். ஆனா காது உன்னோடது. நீ சம்மதிச்சு கையெழுத்துப் போட்டாத்தான் கொடுப்பேன்."

"என் கையெழுத்தா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"யோசிச்சு சொல்றேம்ப்பா."

அந்தச் சொற்களை நான் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கவில்லை. அம்மா சொல்லித் தெரிந்ததா, தானாக வந்ததா, கேட்கத் துணிவில்லை.

'திங்கட்கிழமைக்குள்ள வேணும்மா' என்று வாய்வரை வந்தது. அவள் அம்மாவும் ஒவ்வொரு முறையும் ஒரு தேதி சொல்லி, அதற்குள் கையெழுத்துக் கேட்டாள்.

"சரிம்மா" என்றேன்.