கூப்பிடுகிற வேலை

குதிகாலில் யாரோ ஆணி வைத்து அடிப்பதுபோல் இருந்தது பர்னபாஸுக்கு. பத்து மணி நேரம் இரும்புத் தட்டியின்மேல் நின்றால் அப்படித்தான் இருக்கும். கேம்ப் அறைக்கு வந்து ஷூவைக் கழற்றி, வாளியில் கல்லுப்புப் போட்ட வெந்நீருக்குள் காலை விட்டதும், “எனக்க மாதாவே” என்று சத்தம் தானாக வந்தது.

“சுகமாண்ணே?” என்றான் மேல்கட்டிலில் கிடந்த கிளிட்டஸ். இவனுக்குப் பக்கத்து ஊர்க்காரன், டிப்ளமா படித்த டெக்னீஷியன், வயது இருபத்தேழு.

“சுகத்தை நீ வந்து நின்னு பாருலே.”

சவூதியின் ஜுபைலில் அது ஷட்டவுன் காலம். ஓடுகிற ஆலையை நிறுத்திப் போட்டு, பெரிய பெரிய இரும்புக் கலங்களுக்குள் ஆளை இறக்கிச் சுரண்டிக் கழுவுவார்கள். ஆள் நுழைய ஒரு வட்ட ஓட்டை இருக்கும், மேன்ஹோல். அதன் வாசலில் ஒருத்தன் நிற்க வேண்டும். உள்ளே போனவன் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ரேடியோவில் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும். உட்காரக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, மாற்று ஆள் வராமல் ஒன்றுக்குக்கூடப் போகக் கூடாது. ஹோல் வாட்ச் என்று அந்த வேலைக்குப் பெயர். நிற்கிறவனுக்கும் அதுதான் பெயர்.

பர்னபாஸ் இன்னும் தற்காலிகம். கார்டு வாங்கவில்லை. சேஃப்டி ஆபீசில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள்; ஒருதரம் போய்த் தோற்றாகிவிட்டது. புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். அதிலும் தோற்றால் பழையபடி சாரத்துக் குழாய் சுமக்கப் போக வேண்டும். இருபது வருடம் வலை இழுத்த வலது தோள் போன வருடமே படுத்துவிட்டது. கை தலைக்கு மேல் போகாது. சட்டை மாட்ட இடது கை துணைக்கு வர வேண்டும். குழாய் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டால் ஊருக்கு டிக்கெட்தான். ஊரில் போய் என்ன செய்ய? கடலுக்கும் அதே தோள்தான் வேண்டும். நாற்பத்துநாலு வயதில் நிற்கிற வேலை ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.

கிளிட்டஸ் ஒரு நோட்டோடு கீழே இறங்கி வந்தான்.

“வாட்ச்னா என்னண்ணே?”

“கையில கெட்டுகது.”

“அது பொருளு. பெயர்ச்சொல். வினைச்சொல்லா வந்தா?”

“பாத்துகிட்டு நிக்கது.”

“சரி. ஹோல் வாட்ச்?”

“அது நான்.”

“பாத்தீளா, பிடிச்சுட்டீங்க.”

“என்ன பிடிச்சேன்? ஒரே சொல்லு மூணு பேருக்க வேலையைப் பாக்குது. கம்பெனிக்காரன் கண்டுபிடிச்ச சொல்லாத்தான்டே இருக்கும்.”

கிளிட்டஸ் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டான். பெர்மிட். கையில் இருந்தால் காகிதம். உள்ளே விட்டால் அதுவும் பெர்மிட். காகிதம் இருக்கிறதே என்று ஆள் உள்ளே போய்விடக் கூடாது, காற்றைச் சோதிக்கிறவன் விட வேண்டும். டேக் என்றால் தொங்குகிற சீட்டு, தொங்கவிடுவதும் டேக். இதெல்லாம் பர்னபாஸுக்கு ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. ஊரில் ‘வலை’ என்றால் வலை, ‘வலைக்குப் போனான்’ என்றால் கடலுக்குப் போனான். சொல் இடத்துக்குத் தகுந்தபடி சட்டை மாற்றிக்கொள்ளும் என்பது அவனுக்குப் புதிதில்லை.

“ரெஸ்க்யூ?” என்றான் கிளிட்டஸ்.

பர்னபாஸ் வாளியில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பெயர்ச்சொல்லா வந்தா ரெஸ்க்யூங்கது நாலு ஆளு, மூச்சு சிலிண்டரு, கயிறு, மூணுகால் ஸ்டாண்டு. வினைச்சொல்லா வந்தா காப்பாத்துகது. உங்களுக்கு முதல்ல உள்ளது மட்டுந்தான் பாடம். கூப்பிடணும். செய்யப்பிடாது.”

“உள்ள ஒருத்தன் விழுந்து கெடக்கான். நான் வெளியில நின்னு கூப்பிடுகேன்.”

“ஆமா.”

“பின்ன நான் எதுக்குலே அங்க?”

“அண்ணே, போன தடவை எதுல தோத்தீங்க?”

பர்னபாஸ் எல்லாரிடமும் இங்கிலீஷில் தோற்றதாகத்தான் சொல்லியிருந்தான். உண்மை வேறு. உள்ளே ஆள் மயங்கி விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கேள்வி நன்றாகப் புரிந்தது. பதிலும் சுத்தமான இங்கிலீஷில்தான் சொன்னான்: “ஐ கோ இன்சைட்.” அதோடு பேப்பரை மூடிவிட்டார்கள்.

உள்ளே காற்று கெட்டிருந்தால் போகிறவனும் விழுவான். காப்பாற்றப் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அதெல்லாம் மண்டைக்குப் புரிந்தது, நெஞ்சுக்குப் புரியவில்லை. கொச்சிக்கு மேற்கே ஒரு ஆவணி மாதம் மச்சினன் போட்டிலிருந்து தவறி விழுந்தபோது, கட்டியிருந்த கைலியோடு குதித்து முடியைப் பிடித்து இழுத்து வந்தவன் இவன். ‘நான் போகமாட்டேன்’ என்று வாயால் சொல்வது, யாரோ ஒரு பேடியின் பெயரில் கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது.

“பொய்யாவது சொல்லிட்டு வாங்கண்ணே. கார்டுதானே?”

“பொய்யச் சொல்லிட்டு, நாளைக்கு அந்த வாசல்ல நான்தானலே நிக்கணும்?”

கிளிட்டஸ் நோட்டை மூடிவிட்டுச் சோறு வைக்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை உள்ளே இறங்க வேண்டியவன் அஸீம். ராமநாதபுரத்துப் பையன் என்று எல்லாரும் சொன்னாலும் முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்காரன். வாய் ஓயாது. பர்னபாஸ் பெயரை எழுதி, டேக்கை மாட்டி, இடுப்புக் கயிற்றைச் சரிபார்த்தான். வாய் பாட்டுக்கு வாட்ச், பெர்மிட், ரெஸ்க்யூ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“என்னண்ணே, ஜெபமா?”

“நாளைக்கு டெஸ்ட்டுடா.”

“அப்ப ஜெபம்தான்.”

ரேடியோவைக் கொடுக்கும்போது அதில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பாட்டரி தீரப் போகிறது. மாற்றிக் கொடுக்க வேண்டியது வாசலில் நிற்கிறவன் பொறுப்பு. சார்ஜர் இருந்ததோ அந்தக் கோடியில். ஃபோர்மேன் “ஜல்தி, பாய், ஜல்தி” என்று கத்திக்கொண்டிருந்தான். “மத்தியானம் வரைக்கும் இழுக்கும்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டான் பர்னபாஸ்.

இழுக்கவில்லை. பத்து இருபதுக்குக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். சுத்தியலால் கலத்தின் பக்கத்தில் மூன்று தட்டுத் தட்டினான். அடுத்த யூனிட்டில் காம்ப்ரஸர் போட்ட கூச்சலில் அந்தத் தட்டு அவனுக்கே கேட்கவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தான். எதிலோ சிக்கிக்கொண்டு அசையவில்லை.

தலையை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தான். தொங்குகிற விளக்கின் வெளிச்சத்தில், கலத்துக்குள் குறுக்கே பொருத்திய இரும்புத் தட்டுக்கு அடியிலிருந்து இரண்டு ஷூ நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அடிப்பாகமும் இவனைப் பார்த்து இருந்தது. அசைவில்லை.

வலது கால் தானாக மேன்ஹோலுக்குள் போய்விட்டது. ஒரு கை விளிம்பைப் பிடித்தாயிற்று. இன்னும் ஒரு மூச்சில் முழு ஆளும் உள்ளே.

போட்டில் குதிக்குமுன் பின்னால் திரும்பி ஒருதரம் பார்ப்பது அவனுக்குப் பழக்கம். கயிறு பிடிக்கிறவன் யார், எஞ்சினில் யார் என்று ஒரு பார்வை. கடலில் பிறந்தவன் எவனும் அதைச் செய்யாமல் குதிக்கமாட்டான். அந்தப் பழக்கத்தில் இப்போதும் திரும்பினான்.

யாரும் இல்லை. இரும்புத் தட்டியும், பெயர் எழுதுகிற பலகையும், அவனுடைய தண்ணீர்ப் பாட்டிலும்தான் இருந்தது.

அன்றைக்கு மச்சினனைப் பிடிக்கக் குதித்தபோது மேலே ஆறு பேர் நின்றார்கள். அந்த ஆறு பேர்தான் இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள். போட்டில் இவன் தனியாக இருந்து, இவனும் குதித்திருந்தால்? போட்டு ஒருபக்கம் போயிருக்கும், இரண்டு பிணம் ஒருபக்கம் போயிருக்கும். ஆளில்லாத போட்டிலிருந்து குதிக்கிறவனைக் கரையில் யாரும் வீரன் என்று சொன்னதில்லை, மடையன் என்பார்கள்.

காலை வெளியே எடுத்தான். அந்தக் காலை எடுப்பதற்குத்தான் அவன் பிறந்ததிலிருந்து பட்ட பாடெல்லாம் சேர்ந்து வேண்டியிருந்தது. இடுப்பில் தொங்கிய அபாய ஹாரனை எடுத்து அமுக்கினான். அமுக்கியபடியே, தன் ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினான்: “ரெஸ்க்யூ! ரெஸ்க்யூ! ரெஸ்க்யூ!”

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. நாலு பேர் சிலிண்டரும் முகமூடியுமாக ஓடி வந்தார்கள். இரண்டு பேர் உள்ளே போனார்கள். இடுப்பு வாரைப் பிடித்து அஸீமைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தபோது, முதலில் வெளியே வந்தது அவன் குரல்.

“எவன்டா அவன், காலைப் பிடிச்சு இழுக்குறது? விடுங்கடா!”

காதில் பஞ்சு, அதன்மேல் சத்தம் தடுக்கிற மஃப். மல்லாந்து படுத்துத் தட்டின் அடிப்பாகத்தைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ரேடியோ செத்ததும் தெரியாது, தட்டினதும் தெரியாது. பர்னபாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்காரக் கூடாது என்ற விதி அப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

ஹாரன் அடித்தால் யூனிட் முழுக்க வேலையை நிறுத்தி வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். இருநூறு பேர் நின்றார்கள். “பர்னபாஸ் அண்ணன் புண்ணியத்துல அரை மணி நேரம் லீவு” என்றான் ஒருத்தன். “தினம் ஒருக்கா அடிங்கண்ணே, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்கு லீவுதான்” என்றான் இன்னொருத்தன். பர்னபாஸுக்குக் கோபம் வரவில்லை. அஸீம் எதிரே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

விசாரிக்க வந்த சூப்பர்வைசர், ரேடியோ ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். பர்னபாஸ் வாயைத் திறந்தான். அஸீம் அவன் ஷூவின்மேல் ஓங்கி மிதித்தான்.

“சகதியில விழுந்துருச்சு சார். என் தப்பு.”

தொடர்பு விட்டவனுக்கு மூன்று நாள் உள்ளே இறங்கத் தடை. அதுவரை வெளியே வெயிலில் குழாய் சுமக்க வேண்டும். சூப்பர்வைசர் எழுதிக்கொண்டு போனதும் பர்னபாஸ் அவன் கையைப் பிடித்தான்.

“ஏன்டா? பாட்டரிய மாத்தாம தந்தது நான்லா?”

“நாளைக்கு டெஸ்ட்டை வச்சுக்கிட்டு இன்னைக்குப் போயி ஒத்துக்கிருவீங்களாக்கும்? ஒங்க தோளுக்குக் குழாய் ஆகுமாண்ணே? எனக்கு ஆகும். பேசாம போங்க.”

புதன்கிழமை கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர் சேதுமாதவன், பாலக்காட்டுக்காரர். கேன்டீனில் தமிழ் பேசுவார். அந்த அறைக்குள் அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். பெர்மிட்டுக்கும் டேக்குக்கும் பர்னபாஸ் திக்கித் திணறிச் சரியாகச் சொன்னான். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

“மேன் இன்சைட் ஃபால் டவுன். வாட் யூ டூ?”

“ஐ கால் ரெஸ்க்யூ.”

“யூ கோ இன்சைட்?”

“நோ கோ.”

“ஒய்?”

கிளிட்டஸ் எழுதிக் கொடுத்த பதில் நோட்டில் இருந்தது. ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

“ஐ கோ, போட் எம்ப்டி.”

சேதுமாதவன் பேனாவை நிறுத்தினார். “ஏது போட்டு?” என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் தான் மலையாளம் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது.

அதன்பிறகு பரீட்சை கொஞ்ச நேரம் வேறு மொழியில் நடந்தது. பர்னபாஸ் கையை விரித்து, அலையைக் காட்டி, ஆறு பேரைக் காட்டி, ஒருத்தனைக் காட்டிச் சொன்னான். ஹாரன் அடித்ததையும் சொன்னான். சேதுமாதவன் முழுவதும் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமி மறுபடி இங்கிலீஷ்காரராகி, “குட். வெரி குட்” என்று எழுதி முத்திரை குத்தினார். மத்தியானத்துக்குள் போட்டோ ஒட்டிய கார்டு கைக்கு வந்துவிட்டது. போட்டோவில் முழித்துக்கொண்டிருந்தான், அதனால் என்ன? கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டான். “பாஸ்” என்று சொன்னதும் அந்தப் பக்கம் மனைவி ஷிஜி அழுதாள். “இதுக்கு எதுக்குடி கரைகா?” என்று அதட்டினான். அவன் கண்ணும் கரித்தது.

சாப்பாட்டு நேரத்தில் யூனிட்டைச் சுற்றி வந்தபோது அஸீமைப் பார்த்தான். ஏப்ரல் மாதத்து வெயில் முகத்துத் துணியையும் மீறிச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆறு மீட்டர் குழாய் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு லாரியிலிருந்து சாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கார்டைப் பார்த்துவிட்டு நின்றான்.

“மச்சம்ணே ஒங்களுக்கு. ட்ரீட் எப்போ?”

“எந்தக் கடைன்னு சொல்லு, கூட்டிட்டுப் போறேன்.”

“கூட்டிட்டுப் போங்க. அதுவும் இதுவும் வேற வேறண்ணே, சொல்லிட்டேன்” என்று சிரித்துவிட்டுக் குழாயோடு நடந்தான்.

பர்னபாஸுக்கும் தெரியும், வேறு வேறுதான். பிரியாணியால் தீர்கிற கணக்கில்லை. குழாயை மாற்றிப் பிடிக்க இவனுக்குத் தோளும் இல்லை. அஸீமுக்கு அவன் மூன்று நாள் வெயில் பாக்கி. அதில் ஒரு நாள்கூட இன்னும் கொடுக்கவில்லை.