ஐந்தாவது துணி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் போர்ட்டிகோ முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்தாகிவிட்டது. நடுவில் மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஒரு ஸ்பேனர் செட், ஒரு டப்பா இன்ஜின் ஆயில், சங்கிலி தேய்க்க ஒரு பழைய பல் பிரஷ், அவளுடைய சமையலறையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருந்த ஒரு பேசின். இத்தனைக்கும் மத்தியில் அரைக்கால் சட்டையில் அவள் கணவர், யுத்தத்துக்குப் போகிறவர் போல நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலை. ஒரு கோப்பு யாரோ ஒருவர் மேஜையில் பிறக்கும், இவர் மேஜையில் கொஞ்ச நாள் இளைப்பாறும், பிறகு வேறு யாரோ ஒருவர் மேஜையில் போய் முடியும். இருபது வருஷமாக ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை தானே செய்து முடித்தோம் என்ற திருப்தி மனிதருக்குக் கிடைத்ததில்லை. அந்தக் குறையைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியிடம் தீர்த்துக்கொள்கிறார். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் போன மாதம் கொட்டுகிற மழையில், பாலத்தின் நடுவில் இந்த வண்டி படுத்துக்கொண்டது. டியூட்டிக்கு நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய், சொட்டச் சொட்ட நின்று தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தான். அது இவருக்குப் புரிந்ததா என்பதுதான் கேள்வி.

அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். அவளுடைய அண்ணன் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் மேனேஜர். மாலை நான்கு மணிக்கு வருவார். அவர் கண்ணெதிரே வண்டி ஸ்டார்ட் ஆகித் தெருமுனை வரை போய்த் திரும்பினால் அது இந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அண்ணன் அதை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, பட்டனைத் தொட்டால் கிளம்புகிற புது ஸ்கூட்டர் ஒன்றை அனுப்பிவைப்பார். என்ன நிறம் என்பதுவரை அவள் முடிவு செய்தாகிவிட்டது. கருநீலம்.

"பேசாம மெக்கானிக்கிட்ட விட்டிருக்கலாம்ல?" என்றாள், டீயை நீட்டிக்கொண்டே.

"மெக்கானிக்குக்கு இது நூறு வண்டில ஒண்ணு. எனக்கு இது ஒண்ணே ஒண்ணு."

"அப்ப பொண்டாட்டி?"

"அவங்களுக்கு சர்வீஸ் பண்ற அளவுக்கு என்கிட்ட டூல்ஸ் இல்லம்மா. துடைக்கத் துணி குடு."

பழைய போர்வை ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாங்க. அஞ்சு இருக்கு."

"துணிக்கு எதுக்கு எண்ணிக்கை?"

எதற்கு என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தி வைப்பதற்கு முன்னால் பஞ்சு, துணி, ஊசி எல்லாவற்றையும் எண்ணிப் பலகையில் எழுத வேண்டும். தையல் போடுவதற்கு முன்னால் மறுபடியும் வாய்விட்டு எண்ண வேண்டும். கணக்கு நேராகும்வரை எப்பேர்ப்பட்ட டாக்டரும் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு தடவை அவள், "ஒண்ணு குறையுது டாக்டர்" என்று சொல்லியிருக்கிறாள். ஏழு தடவையும் அந்த ஒன்று கிடைத்தது. அதன் பிறகு டாக்டர் வெளியே போய், காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்பார். எண்ணியவளைப் பற்றி மூச்சு விடமாட்டார். அதை எல்லாம் தான் எதிர்பார்க்கவில்லை என்று அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் எதிர்பார்த்தாள் என்பதுதான் உண்மை.

மனிதர் வேலையை ஒன்றும் மோசமாகச் செய்யவில்லை. பழைய ஆயில் கன்னங்கரேலென்று அவளுடைய பேசினில் இறங்கியது. சங்கிலியைத் தன் பல்லைத் தேய்ப்பதைவிட அக்கறையாகத் தேய்த்தார். அப்புறம் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தூசி அப்பிக் கிடந்த ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தார். ஃபில்டர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, இன்ஜினுக்குக் காற்று போகிற வழி. "இதுக்குள்ள தூசி போச்சுன்னா அவ்வளவுதான்," என்று தானே தன்னைப் பாராட்டிக்கொண்டு, ஒரு துணியைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தார். அவள் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போன் அடித்தது. பேசிவிட்டு அவள் திரும்பி வருவதற்குள் ஃபில்டர் ஏறி, மூடி ஏறி, அவர் கடைசி ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், அவள் கண் செய்தித்தாளின் மேல் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"என்னங்க, துணியெல்லாம் சரியா இருக்கா பாத்தீங்களா?"

"அம்மா தாயே! இது உன் தியேட்டர் இல்ல. இங்க டாக்டரும் நான்தான், நர்ஸும் நான்தான். மூக்க நுழைக்காம இரு."

"சரிங்க டாக்டர்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கேட்டாகிவிட்டது. காதில் போட்டுக்கொள்ளாதது அவர் பாடு. சமையலறையில் நின்றுகொண்டு கருநீல ஸ்கூட்டரை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் ஓடியது.

நான்கு மணிக்கு அண்ணன் வந்தார். அதற்குள் கணவர் குளித்து, சட்டை மாற்றி, தலையை வாரிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் தயாராக நின்றார்.

"ஆரம்பிங்க மாப்பிள்ளை, பாக்கலாம்."

உதைத்தார். இன்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி உதைத்தார். அதையும் அவள் எண்ணினாள். பதினொன்றாவது உதையில் வாரிய தலை கலைந்து, மாற்றிய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மாப்பிள்ளை, உங்களுக்கே மூச்சு வாங்குது. விட்டுடுங்க."

"ஒரு நிமிஷம் மச்சான்." பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து மாட்டி மறுபடி உதைத்தார். அந்த இருமல்கூட இப்போது வரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

"சரி மச்சான். சொன்ன சொல்லு சொன்னதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க."

வேன்காரனைக் கூப்பிட அண்ணன் போனும் கையுமாகக் கேட்டுக்கு வெளியே போனார். கணவர் ஒரு துணியை எடுத்து வண்டியின் சீட்டைத் துடைத்தார். வேறொருவர் வீட்டுக்குப் போகிற வண்டியை எதற்குத் துடைக்க வேண்டும்? துடைத்துக்கொண்டே, "எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் தெரியலம்மா," என்றார். "புத்தகத்துல இருந்தபடிதான் எல்லாம் செஞ்சேன்."

கணக்கு குறைகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பது இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு இதுதான் முதல் தடவை. கருநீல ஸ்கூட்டர் இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

"ஒண்ணு குறையுது," என்றாள்.

"என்ன?"

"துணி. அஞ்சு குடுத்தேன், நாலுதான் இருக்கு. மூடியக் கழட்டுங்க."

அவர் ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியை எடுத்து, ஃபில்டரை உருவி, இரண்டு விரலை உள்ளே விட்டார். போர்வைத் துண்டு நீளமாக வெளியே வந்தது. அதைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி உதைத்தார். இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. போர்ட்டிகோவே அதிர்ந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் போனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "அட! ஓடுதே! என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?"

அவளுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். கதவு திறக்கும், டாக்டர் வெளியே வருவார், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது என்பார். போதாக்குறைக்கு இது அண்ணன். உலகத்திலேயே யார் முன்னால் தன் மானம் போகக்கூடாது என்று இவர் நினைக்கிறாரோ, அந்த ஒரே ஆள். அவள் டீ டம்ளர்களைப் பொறுக்கக் குனிந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல மச்சான்," என்றார் அவர். பையிலிருந்து துணியை எடுத்து அண்ணன் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "நானேதான் இத உள்ள வெச்சு மூடிட்டேன். காலைல உங்க தங்கச்சி கேட்டா, வாய மூடுன்னு அதட்டிட்டேன். இப்பவும் எண்ணிச் சொன்னது அவதான். அவ சொல்லலன்னா நான் சாயங்காலம் வரைக்கும் உதைச்சுக்கிட்டே நின்னிருப்பேன்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இனிமேல் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தக் கதை இல்லாமல் இலை எடுக்கமாட்டார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவர் அந்தச் சிரிப்புக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள் டம்ளர்களோடு உள்ளே போய், கழுவின டம்ளரையே இரண்டாம் தடவை கழுவினாள்.

தெருமுனை வரை போய்த் திரும்பி, அண்ணனையும் வழியனுப்பிவிட்டு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"காலைலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஸ்கூட்டருக்காகத்தான் சும்மா இருந்தியா?"

"ஆமாங்க. கருநீலம்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"சொல்லாம இருக்க எனக்கு வரலைங்க. முயற்சி பண்ணித்தான் பாத்தேன்."

அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை பிரேக்கக் கழட்டலாம்னு இருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து எண்ணு. நீ சரின்னு சொன்னாத்தான் மூடுவேன்."

அவள் அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். பாத்திரங்களை மேலிருந்து கீழாக, விரலை நீட்டி, வாய்விட்டு எண்ணினாள்.

"ஒண்ணு குறையுது டாக்டர்."

அசட்டுச் சிரிப்போடு அவர் வெளியே போய், ஆயில் தளும்ப நின்ற பேசினைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.