செத்துப்போகாத கேட்டலிஸ்ட்

ஒரு வியாழக்கிழமை விட்டு மறு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜுல்ஹார் வந்துவிடுவார். பிஷ்கெக் நகரத்தில் எங்கெல்லாம் சைலன்சர் குழாய் வெட்டுகிறார்களோ அந்தப் பட்டறைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டிப் போட்ட கேட்டலிஸ்ட்டுகளை வாங்கிப் போவது அவர் தொழில். அந்தத் தகர உருளைக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் இருக்கும். எஞ்சின் விடும் விஷப்புகையைப் பாதி வழியில் மடக்கிச் சுத்தம் செய்து அனுப்புவது அதுதான். அந்தப் பீங்கானில் பூசியிருக்கும் உலோகத்துக்குத்தான் இத்தனை கிராக்கி.

அன்றைக்கு மூலையில் ஐந்து உருளைகள் கிடந்தன. நான்கை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஐந்தாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யாருப்பா இதை வெட்டுனது?"

எர்மெக் ஸ்கேனரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பட்டறையில் வண்டியின் நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது அவன் வேலை. "நான்தான் வெட்டச் சொன்னேன். ஏன் அண்ணா?"

"ஒரு கண்ணு கூட அடைக்கலை. உருகலை, உடையலை. இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். வாரத்துக்கு இந்த மாதிரி ரெண்டு வெட்டிக் குடு, என் பொண்ணு கல்யாணத்தை ஜாம் ஜாம்னு முடிச்சிடுறேன்."

முதலாளி தஷ்தான் உரக்கச் சிரித்தார். ஜுல்ஹார் தகரத்தைக் கத்தரித்துப் பிளந்து, பீங்கானைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிச் சாக்கில் கொட்டினார். எர்மெக் "நில்லுங்க" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அது மற்றவற்றோடு கலந்து பொடியாகிவிட்டது.

அவன் மேசைக்குப் போய் நோட்டைத் திறந்தான். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் எழுதுவது அவன் வழக்கம். தேதி, கிலோமீட்டர், சென்சார் காட்டிய அளவுகள், அவனுக்கு எழுந்த சந்தேகங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒன்பது நாளைக்கு முந்தைய பக்கம் ஜிபார் அக்காவுடையது. அந்த ஐந்தாவது உருளை அவள் வண்டியிலிருந்து வெட்டியது.

ஜிபார் நாற்பது வயதுக்காரி. மழலையர் பள்ளி ஒன்றில் பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுப்பவள். ஜப்பானிலிருந்து வந்த சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாள். ஊரில் பெரும்பாலோருக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம் என்றால் அவளுக்கு வலப்பக்கம். குளிர்காலம் வந்தால் அடுப்புக்கரிப் புகையில் எதிர்வீடு தெரியாத ஊர் இது. ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கேட்டலிஸ்ட்டே கிடையாது. தன் வண்டியில் மட்டும் எல்லாம் கம்பெனியில் போட்டபடியே இருப்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. எஞ்சினில் கோளாறு என்று காட்டும் செக் லைட் எரிகிறது என்று அன்று பட்டறைக்கு வந்தவள், இறங்கும்போதே சொல்லிவிட்டாள். நிஜமாகவே செத்துப்போயிருந்தால் மட்டும் வெட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள் என்று.

எர்மெக் ஸ்கேனரைப் போட்டான். கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. பீங்கான் நன்றாக இருந்தால் பின் சென்சாரின் கோடு அசையாமல் ஓடவேண்டும். அதுவோ முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பீங்கான் செத்துவிட்டது என்று சொல்ல அது போதும். ஆனால் வெப்பமானியை வைத்தபோது உருளைக்கு முன்னால் முந்நூற்றுப் பத்து, பின்னால் முந்நூற்று அறுபத்திரண்டு டிகிரி. உயிரோடு வேலை செய்கிற கேட்டலிஸ்ட்தான் பின்பக்கம் சூடேறும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

அடுத்ததாக அவன் செய்திருக்க வேண்டியது, குழாய்க்குள் புகையடித்து எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. சென்சாருக்குப் பக்கத்தில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் அது பொய் சொல்லும். அரை மணி நேர வேலை. அன்று வாசலில் மூன்று வண்டிகள் காத்திருந்தன. அவன் இரண்டாம் தடவை வெப்பமானியை எடுத்தபோது தஷ்தான் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"என்னடா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பார்க்கிற? நிச்சயம் பண்ணிட்டுத்தான் விடுவியா?"

வெல்டிங் அடிப்பவர்கள் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவன் என்று அவனுக்கு ஏற்கெனவே பெயர். அன்றைக்கு ஒரு நாளாவது சந்தேகம் இல்லாதவனாக இருந்து பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது. கேள்விக்குறியை அடித்துவிட்டு, செத்துப்போச்சு அக்கா என்றான். உறுதியா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் உறுதி என்றான். எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் சாவியைக் கொடுத்தாள்.

வெட்டினார்கள். அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடித்தார்கள். பின் சென்சாருக்கு அடியில் ஒரு விரல் நீளக் குப்பியைத் திருகினார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் ஏமாத்தி. புகை நேராகப் படாததால் சென்சார் எல்லாம் நலம் என்று காட்டும், செக் லைட்டும் எரியாது. வெட்டிய உருளை பட்டறைக்கு, கூலி கிடையாது. எங்கேயும் அதுதான் வழக்கம்.

இப்போது நோட்டின் முன்னால் நின்ற எர்மெக்கின் காது மடல்கள் சூடேறின. காசுக்காக நல்ல பொருளை வெட்டினான் என்றுதான் யாரும் சொல்வார்கள். அவன் காசை நினைக்கவில்லை. நாலு பேர் சிரித்ததற்காக வெட்டினான். அதை நினைத்தபோது காசுக்காக வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. பீங்கான் நல்லது என்றால் சென்சார் ஏன் பொய் சொன்னது? கசிவு இருக்கிறது. கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால், இருக்கைக்கு நேர் கீழே இருக்கும் குழாய் இணைப்பில். அந்த இணைப்பைக் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட்டை யாரும் மாற்றவில்லை. முன்பு அங்கே கசிந்தது பீங்கான் கழுவி அனுப்பிய புகை. இப்போது கசிவது கழுவாத புகை. கியர் கம்பியைச் சுற்றியுள்ள தோல் வழியாக அது வண்டிக்குள் ஏறும். எச்சரிக்க வேண்டிய விளக்கையும் அவனே ஏமாத்தி போட்டு அணைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை ஜிபார் போன் செய்திருந்தாள். ஒரு வாரமாகத் தலைவலி, வண்டியில் ஏறினால் அதிகமாகிறது, ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். ஊர் முழுக்கப் புகைதானே அக்கா, எனக்கும்தான் தலை வலிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான். வியாழக்கிழமை நாரினில் உறவுக்காரப் பெண் கல்யாணம், மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. இன்றுதான் வியாழன். ஐந்து மணி நேரப் பயணம். கணவாயில் பனி. கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் யாரும் போவார்கள்.

தஷ்தானிடம் சொன்னான். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். கூப்பிடு, ஒரு போல்ட்டை முடுக்கணும், இலவசம் என்று சொல்லி வரவழைத்து கேஸ்கட்டை மாற்றிவிடு, அவள் பிழைத்துக்கொள்வாள், நம் பெயரும் பிழைத்துக்கொள்ளும் என்றார். எர்மெக்குக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அப்படிப் பட்டதை நினைத்து அவன் பின்னால் வெகுநாள் கூசினான்.

போன் செய்து போல்ட் கதையைச் சொன்னான்.

"போல்ட்டுதானேப்பா, திரும்பி வந்து பார்த்துக்கலாம்," என்றாள் ஜிபார். "பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. இப்பக் கிளம்பினாத்தான் வெளிச்சத்திலேயே கணவாயைத் தாண்ட முடியும்."

வைத்துவிட்டாள். தஷ்தான் கைகளை விரித்தார். கூப்பிட்டாயிற்று, அவள் வரவில்லை, இதற்கு மேல் என்ன செய்வது என்பது போல.

எர்மெக் வெளியே போய், டயர்கள் அடுக்கிய சுவரோரம் நின்று மறுபடியும் போன் செய்தான்.

"அக்கா, வண்டியை எடுக்காதீங்க. உங்க கேட்டலிஸ்ட் செத்துப்போகலை. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"உயிரோடதான் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"நான் கேட்டேனேடா. ரெண்டு தடவை கேட்டேன்."

"கேட்டீங்க."

கசிவைப் பற்றிச் சொன்னான். சுற்றி வளைக்காமல், பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். தலைவலி ஊர்ப்புகையால் வந்தது இல்லை என்றபோது மட்டும் குரல் இறங்கியது.

"புள்ள ரெண்டு நாளா வாந்தி எடுத்தா," என்றாள் அவள் மெதுவாக. "கண்டதையும் தின்னுட்டியான்னு திட்டினேன். தினம் இந்த வண்டியிலதான் பள்ளிக்கூடத்துல விடுறேன்." பிறகு, "வா," என்று சொல்லி வைத்தாள்.

புது கேஸ்கட், ஸ்பேனர்கள், ஜாக்கி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டான். பட்டறையின் கரியடுப்புக்கு மேல் சுவரில் தொங்கிய விஷவாயு அலாரத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டான். குளிர்காலத்தில் அடுப்புப் புகையால் தூக்கத்திலேயே போய்விடுகிறவர்கள் உண்டு என்பதால் இங்கே பல வீடுகளில் அது இருக்கும். மினிபஸ்ஸில் ஜாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு பெண்மணி அவன் பையைப் பார்த்து, நல்ல மெக்கானிக்கா நீ, எங்கே பட்டறை என்று விசாரித்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜிபாரின் வீட்டு முற்றத்தில் மாமனார், மாமியார், கொழுந்தன், வழியனுப்ப வந்த அக்கம்பக்கத்தார் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பார்த்ததும் புரிந்தது, இது யார் செய்த தப்பு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். மகள் கனத்த கோட்டுக்குள் வெளுத்துப்போய் நின்றாள்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, அலாரத்தை முன்னால் வைத்துக் கதவைச் சாத்தினான். அதில் ஏறும் எண்ணை எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். நாற்பது. எழுபது. நூற்றுப் பத்தில் அது கூவத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் பேத்தியை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் பனிச்சேற்றில் கிடந்தான். துருப்பிடித்த போல்ட்டுகளில் ஒன்று உடைந்தது, அதற்கு வேறு போட்டான். கேஸ்கட் ஒரு பக்கம் கருகி, விரல் நகம் அளவுக்குத் தின்றுபோயிருந்தது. புகையடித்துப் பார்த்திருந்தால் முதல் நிமிஷமே தெரிந்திருக்கும். மாற்றி முடித்து மறுபடி அலாரத்தை வைத்தான். கால் மணி நேரம் ஆகியும் சுழியத்திலேயே நின்றது. அப்படியிருந்தும் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்துக்கொண்டே போகும்படி சொன்னான்.

வெளியே வந்தவன் கையில் மாமியார் டீக்கிண்ணத்தைத் திணித்தாள். மற்றொருத்தி எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுகளான போர்சோக்கைத் தட்டோடு நீட்டினாள். கொழுந்தன் தோளில் தட்டி, போனிலேயே கண்டுபிடிச்சுட்டானாமே, இந்தக் காலத்தில் யாரு வீடு தேடி வர்றா என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னான். ஜிபார் பெட்டியின் பட்டையைச் சரிசெய்தபடி குனிந்தே இருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு போனாலும் அவள் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிடுவாள் என்று தெரிந்தது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

காது மந்தமான மாமனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேண்டுதலுக்காக இரண்டு கைகளையும் முன்னால் விரித்தார். பயணம் போகிறவர்களுக்கு ஆசி சொல்ல வேண்டும். முதலில் இந்தப் பையனுக்கு, நம்ம புள்ளைங்களைக் காப்பாத்தினவனுக்கு, என்று தொடங்கினார். எல்லாரும் கையை விரித்தார்கள்.

"தாத்தா, எனக்கு வேண்டாம்," என்றான் எர்மெக்.

"என்ன சொல்றான்?"

அவன் கிண்ணத்தை வண்டியின் மேல் வைத்துவிட்டு, கிழவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். "இந்த வண்டியைக் கெடுத்ததே நான்தான். நல்லா இருந்ததை வெட்டிட்டேன். அக்காவுக்கும் பாப்பாவுக்கும் உடம்பு கெட்டது என்னாலதான்."

விரித்த கைகள் விரித்தபடி நின்றன. கொழுந்தன் தன் கையை இறக்கி, ஜிபாரைப் பார்த்தான். அவள் நிமிர்ந்து, ஆமாம் என்று மட்டும் சொன்னாள். தெருவில் எங்கோ ஒரு வண்டி குளிரில் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது.

கிழவர் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு பார்வையை மருமகளிடமும் பேத்தியிடமும் திருப்பினார். வழி வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும், போகிறவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், போனபடியே திரும்பி வரட்டும் என்றார். அதோடு முடித்துக்கொண்டார். அப்படியே ஆகட்டும் என்னும் பொருளில் ஓமின் என்று சொல்லி எல்லாரும் கைகளை முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள். எர்மெக்கின் கைகள் பாதி உயர்ந்திருந்தன. அவற்றை முகத்துக்குக் கொண்டுபோகவும் முடியாமல் கீழே இறக்கவும் முடியாமல் அப்படியே வைத்திருந்தான்.

ஜிபார் மகளோடு வண்டியில் ஏறி, கண்ணாடியை ஒரு விரல் இறக்கினாள்.

"திங்கட்கிழமை வருவேன். இங்க சொன்னதை உன் முதலாளி முன்னாடியும் சொல்லணும்."

"சொல்றேன் அக்கா."

வண்டியின் மேலிருந்த கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுக்கும்படி மகளிடம் சொன்னாள். அந்தச் சிறுமி இறங்கி, எட்டி எடுத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினாள். டீ ஆறிப்போயிருந்தது. கேட் திறந்து, வண்டி தெருவில் இறங்கி மறையும் வரை அவன் அதை முற்றத்தின் நடுவில் நின்றபடி ஒரு சொட்டு விடாமல் குடித்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.