திலகவதியின் பார்வை குடிபோன இடம்

2009ஆம் வருஷம் போகி அன்று காலை ஒன்பது பத்துக்கு, மணவாள நகர் திலகவதியின் பார்வை அவள் கண்ணை விட்டுக் கிளம்பி, வாசலில் நின்ற வெள்ளைக் காரின் முன்விளக்குகளில் குடியேறியது. அப்போது அவள் அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். “யோவ், இன்னாய்யா இது, கரண்ட் போன மாரி இருட்டிக்கிச்சு?” என்று கேட்டாள். பட்டப்பகலில் கரண்ட் எதற்கு என்று சொல்ல வாயெடுத்த அவள் புருஷன் ஆதிகேசவன், அவள் சுவரைத் தடவிக்கொண்டு வருவதையும், இரண்டு கருவிழியும் பால் ஊற்றியது போல் வெளுத்திருப்பதையும் பார்த்துக் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

அந்தத் துணியில்தான் வினை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏழு வருஷம் வெயிலிலும் ஆலைப் புகையிலும் நின்ற கார் அது. விளக்கின் பிளாஸ்டிக் மூடி பழுத்த பப்பாளி நிறத்துக்கு மங்கிவிட்டிருந்தது. “லைட்டு இப்பிடி கீதுன்னா எந்தக் கம்பெனிக்காரனும் உன் வண்டியச் சேத்துக்க மாட்டான் நைனா” என்று பொன்னேரி டிராவல்ஸ்காரர் அப்துல் ரவூப் சொல்லி, வீட்டிலேயே துலக்கும் வழியையும் சொல்லிக்கொடுத்தார். சுற்றிலும் டேப் ஒட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு, முதலில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் முரடு, பிறகு நைசு, கடைசியில் பல் விளக்கும் பேஸ்ட்டைத் தடவி மெத்தென்ற பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஆதிகேசவன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தான். துணியில் மட்டும் கோட்டை விட்டான். விடியற்காலையில் கொளுத்திய குவியலின் ஓரத்தில் திலகவதியின் பழைய சுங்குடிச் சேலை நெருப்புப் படாமல் கிடந்தது. போகிக்கென்று வெளியே போட்டதை மறுபடி எடுத்து வேலை வாங்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். நல்ல காட்டன் வீணாகிறதே என்று எடுத்துவிட்டான்.

கண் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது தெருவெல்லாம் போகிப் புகை. வழி தெரியாமல் ஆதிகேசவன் விளக்கைப் போட்டான். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்த திலகவதி, “எதுத்தாப்ல எரும மாடு வருது, பாத்து ஓட்டு” என்றாள். வந்தது. அணைத்தால் அவளுக்கு இருட்டு, போட்டால் வெளிச்சம். என்ன, எல்லாவற்றையும் முழங்கால் உயரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, பார்வை வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லி, வழக்கமான சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து வாட்டர் பேப்பரால் விளக்கைத் திரும்ப மங்கடிக்கலாம் என்று ஒரு தேய்ப்புத் தேய்த்தான். உள்ளேயிருந்து அவள் “ஐயோ, கண்ணு எரியுதே” என்று அலறிய அலறலில் அந்த யோசனையும் போயிற்று.

அடுத்த அதிர்ச்சி சாப்பிடும்போது வந்தது. திலகவதிக்கு அழுகை ஓய்ந்து கொஞ்சம் குஷிகூட வந்திருந்தது. “பொங்கல் முடிஞ்சி கம்பெனிக்குப் போறச்சே லைட்டப் போட்டுக்கினே போய்யா. நான் கும்முடிப்பூண்டியப் பாத்ததே இல்ல” என்றாள். ஆதிகேசவன் பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தான். அவன் ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போன இரும்பாலை தீபாவளியோடு மூடிவிட்டது. அதை அவளிடம் சொல்ல வாய் வராமல், தினமும் ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, பூட்டிய கேட்டுக்குப் பக்கத்திலேயே, கேட்டுக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்திக்கொண்டு சாயங்காலம் வரை கிடந்தான். நடுவில் ஸ்டேஷன் சவாரி கிடைத்தால் உண்டு.

ஆகவே பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று சொன்னான். ஒரு நாள் கடையில் பல்பு இல்லை என்றான், மறுநாள் வந்த பல்பு சேரவில்லை என்றான். பதினோரு நாள் திலகவதி இருட்டில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மேரி வாசலிலேயே அவனை மடக்கினாள். “அண்ணே, திலகா ஸ்டவ்வு பத்த வெக்கறேன்னு முந்தானையில பத்த வெச்சிக்கிச்சு. நான் தண்ணி மொண்டு ஊத்தலன்னா நீ இன்னிக்கிப் பொணத்ததான் பாத்திருப்ப. ஒரு பல்பு மாட்ட இத்தினி நாளா?” உள்ளே திலகவதி தீப்பட்ட கையில் இங்க் தடவிக்கொண்டு, அவனிடம் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தால்கூடப் பொய் சொல்லியிருப்பான்.

மறுநாள் காலை பெரியபாளையம், கவரப்பேட்டை எல்லாம் விளக்கில்லாமலே தாண்டினான். சிப்காட்டில் வழக்கமான இடத்துக்குப் போய், முதல் தடவையாக வண்டியைக் கேட்டுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினான். விளக்கைப் போட்டான். அரை நிமிஷத்தில் செல்போன் அடித்தது.

“பூட்டுல சிலந்தி கூடு கட்டிக்கினுகீதே. எத்தினி நாளா?”

“தீபாவளிலேர்ந்து.”

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் விட்டது, மூன்றாவதும் விட்டது. நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று ஆதிகேசவன் காத்திருந்தான்.

“ரிவர்ஸ் எடு” என்றாள் திலகவதி.

“இன்னாத்துக்கு?”

“எடுய்யான்னா. இன்னும் கொஞ்சம் லெப்ட்ல ஒடி. ஆங், நில்லு. அந்தப் பக்கத்துக் கம்பெனி சொவத்துல, கீழ, செடி மறைப்புல ஒரு போர்டு சாச்சி வெச்சிக்கீது பாரு. ஆளுங்கள ஏத்திக்கினு வர வண்டி வேணும்னு எழுதிக்கீது. மூணு மாசமா அதுக்கு முதுகக் காட்டிக்கினு குந்திக்கினு இருந்தியா நீ? கண்ணு போனது எனக்கா, உனக்கா?”

அந்தக் கம்பெனியில் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வண்டி ஓடியது. பகலிலும் விளக்கு எரிவதைப் பார்த்துக் கவரப்பேட்டையில் போலீஸ்காரர் இரண்டு தடவை மடக்கினார். இரண்டாம் தடவை திலகவதியே போனில் பேசி, அவர் ஷூவில் லேஸ் அவிழ்ந்திருப்பதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் மடக்கவில்லை. தூரத்திலிருந்தே ஒரு வணக்கம் வைத்துவிடுவார். சாயங்காலங்களில் அவளுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று அடுப்படிச் சுவரை இடித்து, காரின் மூக்கு உள்ளே வரும் அளவுக்கு வழி விட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் முதலில் முறைத்தார், பிறகு காருக்குத் தனி வாடகை உண்டா என்று மட்டும் கேட்டார். மேரி தினமும் ஏதாவது இரவல் கேட்டு வருவாள். பம்பரைத் தாண்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் போவாள். மறந்து குறுக்கே வந்தால், “மேரி, மறைக்காத” என்பாள் திலகவதி, வெங்காயம் அரிந்துகொண்டே.